முழங்கையின் வழியில் வந்த முகம்

லிண்டன் ட்ரெகோனிங்கின் தாடை, அவன் ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே, அவன் பந்தைத் தொடுவதற்கு முன்பே உடைந்தது. இதில் யார் மீதும் தவறில்லை என்று லீக்கின் ஒழுங்கு விசாரணை மன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மெல்போர்னில் மன்றத்தின் தீர்ப்புக்கு மேல் பேச ஆள் கிடையாது. எனவே நானும் அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

லிண்டன் விம்மெரா பக்கத்துக் கோதுமை விவசாயி ஒருவரின் மகன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், அதிகம் பேசாதவன். எங்கள் மார்ஷ்கேட் கால்பந்து கிளப்பின் ஆட்கள் அவனைத் தேடிக்கொண்டு அவன் ஊருக்குப் போன அன்று, அவன் ஒரு கும்பலின் தலைக்கு மேல் எழும்பி, எதிராளி ஒருவனின் தோளில் முழங்காலை ஊன்றி, பந்தை ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு இறங்கினான். எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், அதற்காக எதிராளி மேல் ஏறவும் செய்யலாம். ஆனால் இவன் இறங்கியதும் அந்தத் தோளுக்குச் சொந்தக்காரனிடம் மன்னிப்புக் கேட்டான். ஆள் பிடிக்கப் போனவர்களில் ஒருவருக்கு அப்போதே கவலை வந்துவிட்டது.

"பையன் நல்லாத்தான் தாவுறான். ஆனா சாரி சொல்றானேப்பா."

"அதெல்லாம் ரெண்டு ஆட்டத்துல சரியாயிடும்," என்றார் மற்றவர்.

மார்ஷ்கேட் தோல் பதனிடும் பேட்டை. வாரம் முழுவதும் எங்கள் மூக்கில் ஒரே நாற்றம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அதன் மேல் பீரும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான மீட் பையும் சேர்ந்துகொள்ளும். லிண்டனுக்குத் தோல் தொழிற்சாலையில் ஒரு வேலையும், விதவை ஒருத்தியின் வீட்டில் ஓர் அறையும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாதம் பயிற்சி. பிறகு டாக்சைட் அணியோடு ஆட்டம்.

டாக்சைடில் கிளைவ் ராட்டிகன் என்று ஒருவன் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு ஊர் வைத்த பெயர் பல் டாக்டர். பந்தைப் பிடிப்பது, உதைப்பது ஆகியவற்றில் அவனுக்கு ஆர்வமோ திறமையோ இருந்ததில்லை. எதிரணியில் புதிதாக யார் வந்தாலும் அவனை வரவேற்பதற்காகவே டாக்சைட் அவனை வைத்திருந்தது. நடு மைதானத்தில் அம்பயர் பந்தைத் தரையில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கினார். எல்லோருடைய கண்ணும் அங்கே இருந்தது. ராட்டிகன் இந்தக் கோடியில் லிண்டன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊர்ப்பக்கமா தம்பி நீ?"

"ஆமாங்க. விம்மெரா," என்று சொல்லி லிண்டன் கைகுலுக்கக் கையை நீட்டினான்.

முழங்கை வந்தது அப்போதுதான்.

எல்லைக்கோட்டு அம்பயர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மற்ற எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல் இந்தக் கோடியைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். புகார் கொடுத்தார். விசாரணை என்று அறிவிப்பு வந்தது.

எங்கள் கோச் வால் ஷீஹன் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். லிண்டனின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கொரீன் என்ற நர்ஸ் உறிஞ்சு குழலில் அவனுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா அடிச்சது?" என்றார் ஷீஹன்.

"ரா..." என்றான் லிண்டன், பல்லிடுக்கில்.

"இல்ல. யாரும் அடிக்கல. நல்லா மனசுல வாங்கிக்க. நாளைக்கு நம்ம ஆளு அவங்க ஆளை அடிப்பான். அன்னிக்கு அவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னா இன்னிக்கு நீ மூடிக்கணும். இதுதான் ஆட்டம். காட்டிக் குடுக்கிறவனை எந்த டீமும் சேத்துக்காது."

கொரீன் குழலைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அவர் வாயைக் கம்பி போட்டே மூடியாச்சு சார். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

மன்றத்தின் தலைவர் திரு. ஆஸ்வால்ட் பென்ரோஸ். ஓய்வு பெற்ற மாஜிஸ்திரேட். மன்றம் கூடும் அறையில் தேக்கு மேஜை, இறந்துபோன தலைவர்களின் படங்கள், தட்டில் பிஸ்கட். திங்கட்கிழமை மாலை விசாரணை. டாக்சைட் தரப்பில் பிக்கரிங் என்ற வக்கீல் வந்திருந்தார். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட லிண்டன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு உண்மையில் இது என்ன இடம் என்று விளங்கவில்லை. உண்மையைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரியவர்கள் கூடியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டானாம்.

"ராட்டிகன் உங்களை அடிச்சாரா?" என்று பிக்கரிங் கேட்டார்.

லிண்டன் கோச்சைப் பார்த்தான். கோச் மேற்கூரையைப் பார்த்தார். லிண்டன் என்ன செய்வதென்று தெரியாமல் முனகினான்.

"அடிக்கலைன்னு சாட்சி சொல்றார் ஐயா."

"தெளிவாவே சொன்னார்," என்றார் பென்ரோஸ்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எதிராளியின் முழங்கை, முழங்கைகள் வழக்கமாக இருக்கும் உயரத்தில்தான் இருந்திருக்கிறது. முகம்தான் அதன் வழியில் வந்திருக்கிறது. நாட்டுப்புறத்திலிருந்து வரும் இளைஞர்கள் நகர ஆட்டத்தின் வேகத்துக்குத் தங்கள் முகங்களைப் பழக்கிக்கொள்வது நல்லது. எல்லைக்கோட்டு அம்பயர் கண் பரிசோதனை செய்துகொள்ள அறிவுறுத்தப்பட்டார்.

வெளியே படிக்கட்டில் ராட்டிகன் லிண்டனின் முதுகில் தட்டினான். தாடைக்குள் வலி மின்னலாகப் பாய்ந்தது.

"நல்ல பையன்டா நீ. எங்க பக்கம் வந்தா சொல்லு, பீர் வாங்கித் தரேன். குழல் போட்டே குடிக்கலாம்."

ஒரே வாரத்தில் செய்தி லீக் முழுக்கப் பரவிவிட்டது. மார்ஷ்கேட்டின் லிண்டனை அடித்தால் ஒன்றும் ஆகாது, அவனே நம்மைக் காப்பாற்றிவிடுவான். அவன் தாடை கூடித் திரும்பி வந்தபோது ஒவ்வோர் அணியிலும் ஒருவன் அவனுக்காகக் காத்திருந்தான். ஒருவன் காதைக் கிழித்தான். மன்றத்தில் அது ஜெர்சி பித்தானின் வேலை என்று தெரியவந்தது. அந்த ஜெர்சியில் பித்தான் கிடையாது. ஒருவன் தோளில் கடித்தான். பற்கள் அவை இயல்பாக இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன என்று மன்றம் கண்டறிந்தது. கீழே விழுந்து கிடந்தவனை ஒருவன் விலாவில் உதைத்தான். அவன் பந்தை உதைக்கத்தான் முயன்றான் என்றார்கள். பந்து எங்கே இருந்தது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, அதே மைதானத்தில்தான் இருந்தது என்று பதில் வந்தது. உறுப்பினர் திருப்தியடைந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் லிண்டன் கட்டுகளோடு போய் உட்கார்ந்து, ஞாபகம் இல்லை ஐயா என்பான். திரு. பென்ரோஸ் அவனைப் பாராட்டி அனுப்புவார். நாங்களும் பாராட்டினோம். ஆட்டம் முடிந்து ரத்தம் ஒழுக அவன் வெளியே வரும்போது எங்கள் பேட்டைப் பெண்கள் கைக்குட்டை நீட்டுவார்கள்.

ஏன் பொறுத்துக்கொண்டான் என்று கேட்கலாம். அவன் தாவுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து மேலிருந்து வரும். கீழே ஒரு கூட்டமே தள்ளுமுள்ளு நடத்தும். இவன் எங்கிருந்தோ ஓடி வந்து எவன் முதுகிலாவது ஏறி மேலே போவான். போனவன் அங்கே கொஞ்சம் நிற்பான். நிற்கிறானென்றுதான் எங்களுக்குத் தோன்றும். தோல் தொழிற்சாலையில் வாரம் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு கணத்துக்காகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

கொரீனும் இதைக் கேட்டாள். அதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கும்.

"எதுக்கு லின் திரும்பத் திரும்ப அங்க போற?"

"மேல இருக்கும்போது யாரும் என்னை அடிக்க முடியாது கொரி."

"கீழ வந்துதானே ஆகணும்?"

அவன் குனிந்து பூட்ஸின் கயிற்றை முடிந்துகொண்டான்.

நாலைந்து சீசன்கள் இப்படிப் போயின. ஒரு குளிர்கால ஆட்டத்தில் பின்னாலிருந்து வந்த அடியில் அவன் முகம் சேற்றில் புதைய விழுந்தான். எங்கள் கிளப் டாக்டர் ஓடினார். அவர் பிரசவ டாக்டர். பேட்டையில் பாதிக் குழந்தைகளை வெளியே எடுத்தவர். தலைக்காயம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தை அழுதால் நல்லது என்பதுதான்.

"எங்க இருக்கோம் லிண்டன்?"

"களத்துல. அப்பா எங்க? மழை வருது, கோதுமையை உள்ள எடுக்கணும்."

டாக்டர் ஷீஹனைத் திரும்பிப் பார்த்தார். "களத்துலதான் இருக்கோம்னு சரியாச் சொல்றான்."

"அப்ப ஆடட்டும்," என்றார் ஷீஹன்.

அன்று லிண்டன் ஆடிய ஆட்டம் போல் அதற்கு முன் ஆடியதில்லை. பத்திரிகைகள் புகழ்ந்தன. அவனுக்கு அதில் ஒரு துளிகூட ஞாபகமில்லை. ஆட்டம் முடிந்து அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. முன்பு தங்கியிருந்த விதவையின் வீட்டுக்குப் போய், சமையலறையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்காகக் காத்திருந்தான். அவள் கொரீனுக்கு ஆள் அனுப்பினாள். கொரீன் வந்து அவன் முன்னால் நின்றபோது எழுந்து நின்று மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்டான்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கொரீன் விடவில்லை. தன் ஆஸ்பத்திரியின் கண் நிபுணரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இடது கண்ணின் விழித்திரை கிழியும் நிலையில் இருக்கிறது, அதே பக்கம் இன்னும் ஒரு பலமான அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்றார் அவர். இந்தச் செய்தி கிளப்புக்குப் போனது. கிளப் டாக்டர் யோசித்துவிட்டு, "வலது கண்ணு பரவாயில்லைதானே?" என்றார்.

"இந்த சீசனோட விட்டுடறேன் கொரி," என்றான் லிண்டன். "இறுதிக் கட்டத்துக்கு வந்துட்டோம். இப்ப எப்படிப் பாதியில விடறது?"

அந்த வருஷம் லீக் அவனுக்கு நன்னடத்தைப் பதக்கம் கொடுத்தது. விருந்தில் எல்லாக் கிளப்புகளும் இருந்தன. திரு. பென்ரோஸ் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார்.

"பெரியோர்களே, நம் ஆட்டத்தில் வன்முறை பெருகிவிட்டதாகச் சில பத்திரிகைகள் எழுதுகின்றன. நான் பொறுப்பேற்ற நாள்முதல் என் முன்னால் வந்த எலும்பு முறிவுகளில் ஒன்றுகூட வன்முறையால் நேர்ந்ததில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அத்தனையும் விபத்துகள். அடிதடியைப் பார்க்கத்தான் மக்கள் வருகிறார்கள் என்கிறார்கள். இல்லாத ஒன்றைப் பார்க்க வாரந்தோறும் இத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்றால், அது நம் ஆட்டத்துக்குப் பெருமையல்லவா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் உடைந்த முகங்கள் என் எதிரே வந்து உட்காருகின்றன. அவற்றில் எதுவும் புகார் சொன்னதில்லை. புகார் சொல்லும் முகம் ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு நாள் வராமல் பார்த்துக்கொள்வதே எங்கள் பணி. அந்தப் பணியில் எங்களுக்கு லிண்டனைப்போல் ஒத்துழைத்தவர் இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. லிண்டன் பதக்கத்தை வாங்கப் போகும்போது மேடைப் படியைத் தவறவிட்டுத் தடுமாறினான். எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். அதே விருந்தில், நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு, எங்கள் டாக்டர் டாக்சைட் கோச்சின் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்த இடது கண்ணைப் பற்றி வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

அரையிறுதி எங்களுக்கும் டாக்சைடுக்கும். ஜெயித்தவர் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். அந்த வருஷம்தான் தொலைக்காட்சிக்காரர்கள் மைதானத்தின் இரண்டு பக்கமும் கேமரா வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நாலு கால்பகுதிகளில் மூன்றாவது வரை நாங்கள் முன்னணியில் இருந்தோம். லிண்டன் ஆகாயத்திலேயே குடியிருந்தான். அவன் ஒருமுறை பந்தைப் பிடித்து, கீழே இறங்கி, பந்தை உதைத்து அனுப்பிவிட்டு, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராட்டிகன் தொலைவிலிருந்து ஓடி வந்தான். இடது பக்கமாக வந்தான். பந்து அப்போது மறு கோடியில் இருந்தது.

அந்தச் சத்தம் மேல் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. லிண்டன் கட்டை விழுவதுபோல் விழுந்தான். கால்கள் தாமாகவே உதறிக்கொண்டன. எங்கள் ஆட்கள் பாய, அவர்கள் ஆட்கள் பாய, மைதானம் முழுக்க ஜோடி ஜோடியாக ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு ஓடியவனின் மூக்கு உடைந்தது. வேலியோரம் மார்ஷ்கேட் பெண்மணி ஒருத்தி டாக்சைட் பெண்மணியைக் குடையால் குத்தினாள். பேண்டு வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தபோது லிண்டனின் இடது இமைக்குள்ளிருந்து கன்னத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கண் போய்விட்டது. ஆட்டத்தையும் டாக்சைட் ஜெயித்து இறுதிக்குப் போனது.

மாநிலம் முழுவதும் அதைச் செய்தியில் பார்த்தது. முதலில் சாதாரண வேகத்தில், பிறகு மெதுவாக, பிறகு ஒரு சாசேஜ் விளம்பரம், பிறகு மறுபடி மெதுவாக. மன்றம் கூடாமல் தப்ப முடியவில்லை.

"இந்தத் தடவையும் நீ ஞாபகம் இல்லைன்னா, நான் உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்," என்றாள் கொரீன்.

"இந்தத் தடவை எனக்கு நிஜமாவே ஞாபகம் இருக்கு," என்றான் அவன்.

மன்றத்தின் அறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை, சாண்ட்விச் கொண்டுவரும் பெண்களைத் தவிர. கொரீன் சமையற்கட்டில் ஒருத்தியிடம் கெஞ்சி ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டு, தட்டோடு உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள். நடந்ததெல்லாம் அவள் சொல்லி எங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் படம் போட்டார்கள். பென்ரோஸ் இரண்டு தடவை பார்த்தார்.

"படத்துல இது மெதுவா நடக்குது. மைதானத்துல வேகமா நடந்தது. ஆக, இது வேற சம்பவம். ஏத்துக்க முடியாது."

பிக்கரிங் வழக்கம்போல் எழுந்தார். "ராட்டிகன் உங்களை அடிச்சாரா?"

"அடிச்சார்," என்றான் லிண்டன்.

அறையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் நிறுத்தினார்.

"ஒருவேளை உங்களுக்கு ஞாபகம்..."

"நல்லா ஞாபகம் இருக்குங்க. ஓடி வந்து அடிச்சார். என் முதல் ஆட்டத்துலயும் அவர்தான் அடிச்சார். கை குடுக்கப் போனேன், அப்ப அடிச்சார்."

பென்ரோஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் ட்ரெகோனிங், அன்னிக்கு இதே அறையில அடிக்கலைன்னு சொன்னீங்க. அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இல்ல இன்னிக்குச் சொல்றீங்களா?"

"அன்னிக்கு நான் எதுவுமே சொல்லலீங்க. முனகினேன்."

"பொய்யா முனகினீங்களா?"

அப்போது ராட்டிகன் எழுந்தான். அவனை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"நான்தான் ஐயா அடிச்சேன்."

"உட்காருங்க ராட்டிகன்."

"பந்து அந்தக் கோடியில இருந்துச்சு. நான் இந்தக் கோடியில அடிச்சேன். அடிக்கணும்னுதான் அடிச்சேன்."

"நீங்க என்ன நெனச்சீங்கங்கிறதை மன்றம் முடிவு பண்ணும். அது உங்க வேலை இல்ல."

பிக்கரிங் அவசரமாக எழுந்தார். "ஐயா, என் கட்சிக்காரர் நிலைமையை மன்றம் கருணையோட பாக்கணும். இத்தனை வருஷமா எத்தனை தலைங்க அவர் முழங்கையில வந்து மோதியிருக்கு. அந்த அதிர்ச்சியில அவருக்கு என்ன பேசறோம்னே தெரியல."

மன்றம் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்தது. இறுதி ஆட்டம் சனிக்கிழமை. பல் டாக்டர் இல்லாத இறுதி ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை என்று பிற்பாடு அறிக்கையே விட்டார்கள். ராட்டிகனின் ஒப்புதல் வாக்குமூலம், அதைச் சொல்ல அவனுக்குத் தகுதி இல்லாத காரணத்தால் தள்ளுபடி. ராட்டிகன் நிரபராதி. லிண்டன் ட்ரெகோனிங், முன்னுக்குப்பின் முரணாக முனகியும் பேசியும் ஆட்டத்தின் பெயரைக் கெடுத்ததற்காக இரண்டு சீசன்கள் ஆடத் தடை. பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும். மன்றத்தின் கட்டிடத்துக்குள் இனி வரக்கூடாது.

கொரீன் தட்டைக் கொண்டுபோய்ப் பென்ரோஸின் முன்னால் மெதுவாக வைத்தாள்.

"வெள்ளரிக்காய் சாண்ட்விச் சார். கண்ணை மூடிக்கிட்டே சாப்பிடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

மறுநாள் சாயங்காலம் ராட்டிகன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய ஆட்டுத்தொடை. கொரீன் கதவைத் திறந்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே போனாள், இரும்பு வாணலியோடு திரும்பி வந்து அவன் நெற்றியில் ஓங்கி ஒன்று போட்டாள். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ரத்தம் மூக்கின் இரண்டு பக்கமும் இறங்கியது.

"இன்னொன்னு போடறதுன்னாலும் போடும்மா," என்றான்.

அவள் இன்னொன்றும் போட்டாள். பிறகு உள்ளே போய் ஊசியும் நூலும் கொண்டுவந்து, மரத்துப்போக எதுவும் கொடுக்காமல், நெற்றியைத் தைத்தாள். லிண்டன் கண்ணில் கட்டோடு வந்து எதிரே நின்றான்.

"இந்தக் கண்ணு மோசமா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான் ராட்டிகன். "உங்க டாக்டர் விருந்துல எங்க கோச்சுகிட்ட உளறியிருக்கார். இடது பக்கமாப் போன்னு கோச் சொன்னார். போனேன்."

ஊசி ஒரு கணம் நின்று, முன்னைவிட ஆழமாக இறங்கியது.

"எனக்கும் இப்பல்லாம் தலை சரியில்ல," என்றான் ராட்டிகன். "காலையில எழுந்தா என் பொண்ணு பேரு சட்டுனு வர மாட்டேங்குது. அவ காப்பி கொண்டுவந்து நிக்கறா, நான் முழிக்கறேன். நேத்து மன்றம் என்னை வீட்டுக்கு அனுப்பிடும்னு நெனச்சேன். அனுப்பியிருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன்."

"நான் உன்னை மன்னிக்க மாட்டேன்," என்றான் லிண்டன்.

"நான் அதைக் கேக்க வரல."

கொரீன் நூலைக் கடித்து அறுத்தாள். லிண்டன் ஆட்டுத்தொடையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"சனிக்கிழமை யாரை அடிக்கச் சொல்லியிருக்காங்க?"

"ஹைகேட் டீம்ல அந்தச் செம்பட்டைத் தலையன். புதுசா வந்திருக்கானே."

"அடிக்காதே."

"அடிக்கலைன்னா நான் எதுக்குடா அங்க? எனக்கு வேற என்ன தெரியும்?"

"பந்தை எடு," என்றான் லிண்டன். "இத்தனை வருஷத்துல நீ பந்தை எடுத்து நான் பாத்ததே இல்ல."

இறுதி ஆட்டத்துக்கு லட்சம் பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் எவனும் நடு மைதானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் ராட்டிகனையும் செம்பட்டைத் தலையனையும்தான் பார்த்தார்கள். அந்த இளைஞன் பயத்தில் தன்னாலேயே கால் தடுக்கி விழுந்தான். ராட்டிகன் குனிந்தான். அரங்கம் எழுந்து நின்றது. ராட்டிகன் அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் பந்தை நோக்கி ஓடினான்.

முதலில் அமைதி. அப்புறம் ஊளை. ராட்டிகன் பந்தைத் துரத்தினான், கோட்டைவிட்டான், மறுபடி துரத்தினான். ஒருமுறை கையில் பிடித்தும்விட்டான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நின்றபோது அவனுடைய சொந்த ஆதரவாளர்களே பீர் டப்பாக்களை வீசினார்கள். ஒன்று தையலைப் பிரித்தது. கால்பகுதி இடைவேளையில் டாக்சைட் கோச் லட்சம் பேர் முன்னால் அவனை அறைந்தார். ரத்தம் கண்ணில் இறங்க இறங்கத் துடைத்துக்கொண்டு அவன் கடைசிவரை ஓடினான். யாரையும் தொடவில்லை. டாக்சைட் தோற்றது. உடை மாற்றும் அறையில் கதவைத் தாழிட்டுவிட்டு அவனுடைய தோழர்கள் அவனை அடித்தார்கள். நீண்ட நேரம் அடித்தார்கள். முன்பற்கள் அங்கே போயின.

அடுத்த திங்கட்கிழமை மன்றம் கூடியது. குற்றவாளிக் கூண்டில் மறுபடி ராட்டிகன்தான். மன்றத்தின் சரித்திரத்தில் முதல்தடவையாகச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. அம்பயர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கோச் பார்த்திருந்தார். மீட் பை விற்கிறவன்கூடப் பார்த்திருந்தான். எவருக்கும் எதுவும் மறக்கவில்லை. படமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மெதுவாகப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்றார் திரு. பென்ரோஸ்.

"ஐயா, நான் யாரையும் அடிக்கலையே," என்றான் ராட்டிகன், வீங்கிய உதடுகளோடு.

"அதுதான் குற்றச்சாட்டு."

ஆயுள் முழுக்கத் தடை. லீக்கின் சரித்திரத்தில் அவ்வளவு கடுமையான தண்டனை அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. திரு. பென்ரோஸ் பத்திரிகைக்காரர்களிடம், மன்றம் பல் இல்லாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்றார்.

கட்டிடத்துக்குள் போகத் தடையிருந்ததால் லிண்டன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். ராட்டிகன் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தான்.

"என்னாச்சு?"

"குற்றவாளியாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சாகற வரைக்கும்."

லிண்டன் அவனையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் அவனுக்குக் கண்குழி வலிக்கும். வலியோடு சிரித்தான்.

லிண்டனும் கொரீனும் மார்ஷ்கேட்டை விட்டு விம்மெராவுக்கே போய்விட்டார்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாததால் லிண்டனால் லாரி ஓட்ட முடியவில்லை. துறைமுகத்தில் யாரும் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்த ராட்டிகனை அறுவடைக்கு வரச்சொல்லி ஆளனுப்பியவள் கொரீன்தான். கூலிக்காகக் கூப்பிட்டேன், வேறொன்றுமில்லை என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். அவன் மகளும் கூடவே வந்தாள்.

அந்தக் கோடையில் நான் அங்கே போயிருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் அறுத்த வயலுக்குப் போனார்கள். நான் வேலியோரமாக நின்றேன். ராட்டிகன் பந்தை உதைத்தான். அவன் உதை இன்னும் கோணல்தான். லிண்டன் ஓடி வந்து எழும்பினான். கைகள் சேர்ந்த இடத்தில் பந்து இல்லை. அது அவன் காதோரமாகப் போய் விழுந்தது. அவன் அறுத்த கோதுமைத் தாள்களின் மேல் மல்லாந்து விழுந்து கிடந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

ராட்டிகன் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான். "அடிபட்டுச்சாடா?"

"எவ்வளவு தூரத்துல விட்டேன்?"

"ஒரு சாண் இருக்கும்."

"போன வாரம் ஒரு முழம்," என்று சொல்லி லிண்டன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். "தள்ளிப் போய் நின்னு இன்னொன்னு உதை."